முட்டையா, வாழைப்பழமா: மூன்று பள்ளிக்கூடம், ஒரு கேள்வி

மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்க மதுரையில் மூன்று பள்ளிகளின் படியேறினேன். ஒன்று அரசுப் பள்ளி, ஒன்று அரசு உதவிபெறும் கிறிஸ்தவப் பள்ளி, இன்னொன்று இந்து அறக்கட்டளை நடத்தும் மெட்ரிக். மூன்றிலும் கேட்டது ஒன்றுதான்: சாமி கும்பிட விரும்பாத பிள்ளை அந்த நேரத்தில் எங்கே இருக்கும்?

கிறிஸ்தவப் பள்ளியில் உடனே பதில் வந்தது. கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு அதே பீரியடில் நன்னெறி. தலைமுறைகளாகப் பழகிய ஏற்பாடு, குறை சொல்ல முடியாது. ஆனால் காலை ஜெபத்துக்கு எல்லாரும்தான் நிற்கிறார்கள். அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளி எதுவானாலும், பெற்றோர் சம்மதம் இல்லாமல் சிறுவர்களை வழிபாட்டில் கலந்துகொள்ளச் சொல்லக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28(3). சேர்க்கைப் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே சார்" என்று சிஸ்டர் சிரித்தார்.

மெட்ரிக்கிலும் அதே சட்டம்தான். அங்கே சரஸ்வதி ஸ்லோகம், சைவச் சாப்பாடு. டப்பாவில் முட்டை இருந்தால் அப்படியே வீட்டுக்குத் திரும்புமாம். போதும் என்று வந்துவிட்டேன்.

அரசுப் பள்ளிக்குச் சட்டம் இன்னும் கறார்: முழுக்க அரசுப் பணத்தில் நடப்பதால் 28(1)-இன்படி மதபோதனையே கூடாது. தமிழ்ப் பாடநூலில் தேவாரமும் சீறாப்புராணமும் தேம்பாவணியும் வரும், ஆனால் இலக்கியமாக வரும். சட்டம் இருந்தும் நழுவுவது உண்டு. 2024-இல் சென்னை அசோக் நகர் அரசுப் பள்ளியில் ஒரு பேச்சாளர் உடற்குறைக்கு முற்பிறவிப் பாவம்தான் காரணம் என்கிற மாதிரி பேச, பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து தட்டிக்கேட்க வேண்டியிருந்தது.

ஆனாலும் என் ஓட்டு அரசுப் பள்ளிக்குத்தான். காரணம் சத்துணவு வரிசை. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். என்ன சாமி, என்ன சாதி, ஏன் வேண்டாம் என்று ஆயா கேட்பதில்லை. தட்டில் வைத்துவிட்டு அடுத்த பிள்ளையைப் பார்க்கிறார். காலை ஜெபத்துக்கும் இப்படி ஒரு வாழைப்பழம் இருந்தால் கிறிஸ்தவப் பள்ளிக்கே போயிருப்பேன். (அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் மூன்றுக்குமே லீவு. அதில் மட்டும் யாருக்கும் பேதமில்லை.)

வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. "கிறிஸ்தவப் பள்ளியில் கழிப்பறை சுத்தமாக இருக்கிறது" என்கிறாள் மனைவி. அதற்கு 28-ஆம் பிரிவில் பதில் கிடையாது.