94,000 ரூபாய் போய்விட்டது: டிஜே கொன்ட்ரோலர் வாங்கப் போகிறவர்கள் கவனம்

கோபத்தோடுதான் எழுதுகிறேன். பார்சல் கையில் கிடைத்தது செவ்வாய் விடியப்புறம். இன்று வெள்ளி. இடையில் ஒரு இரவாவது ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் கொன்ட்ரோலர் (லப்டொப்பில் அல்லது போனில் ஓடும் பாட்டுகளை இடைவெளி விடாமல் மிக்ஸ் பண்ணுகிற கருவி) வாங்கக் காசு சேர்த்து வைத்திருக்கும் தம்பிமார் இதை வாசித்துவிட்டு வாங்குங்கோ. நான் இழந்தது 94,000 ரூபாய்.

எனக்கு முரசுமோட்டை. அத்தானிடம் இரண்டு பெரிய ஸ்பீக்கரும் ஒரு அம்பும் (அம்ப்ளிஃபையர்) இருக்கின்றன. சாமத்திய வீடு, கல்யாணம், பிறந்தநாள் என்று கூப்பிடுகிற இடத்துக்குக் கொண்டுபோவோம். இவ்வளவு நாளும் லப்டொப்பில் பாட்டைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்பதுதான் வேலை. ஒரு பாட்டு முடிந்து மற்றது தொடங்குவதற்குள் ஆடிக்கொண்டிருந்த சனம் போய்க் கதிரையில் இருந்துவிடும். அதைப் பார்க்கிறபோதெல்லாம் மனம் கேட்காது. ஒழுங்காக மிக்ஸ் பண்ணப் பழகவேண்டும் என்று அம்மாவிடம் கேட்டேன். காலபோக நெல் விற்ற காசில் ஒரு பங்கை எடுத்துத் தந்தார்.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. மூன்று கிழமை இரண்டு மொடலை வைத்து ஒப்பிட்டேன். ஒன்று பயனியரின் எஃப்எல்எக்ஸ்4. மற்றது நியூமார்க்கின் மிக்ஸ்ட்ராக் ப்ரோ எஃப்எக்ஸ். இரண்டிலும் இரண்டு சனல், அதாவது இரண்டு பாட்டை ஒன்றாக ஓட்டலாம், பக்கத்துக்கு விரலால் தட்டுகிற 8 பாட். இரண்டிலும் மைக் குத்துகிற ஓட்டை இருக்கிறது. எங்கட வேலைக்கு அது இல்லாமல் சரிவராது. மாப்பிள்ளை வருகிறார் என்று சொல்லவும் மைக் வேண்டும், காணாமல்போன பிள்ளையைத் தேடவும் மைக் வேண்டும். நியூமார்க்கில் சுற்றுகிற தட்டு 6 அங்குலம், வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற கட்டையும் நீளம், கைக்கு நல்ல வசதி. ஹெட்போனுக்குப் பெரிய ஓட்டையும் சின்ன ஓட்டையும் உண்டு. பயனியரில் சின்னது மட்டும்தான். ஆனால் நியூமார்க்கோடு வருவது செராட்டோ லைட் என்ற மிக்ஸ் பண்ணும் மென்பொருள். அதன் முழுப் பதிப்பு வேண்டுமென்றால் டொலரில் கட்டவேண்டும். எஃப்எல்எக்ஸ்4ஐக் கொழுவினால் ரெக்கோர்ட்பொக்ஸ் என்ற மென்பொருளில் மிக்ஸ் பண்ணும் பகுதி மேலதிகக் காசு இல்லாமல் திறக்கும். செராட்டோ லைட்டும் அதில் ஓடும். புளூடூத்தில் போனோடு இணைத்தும் பழகலாம். என்னுடைய லப்டொப் பழசு, அதனால் அந்த ஒரு விசயமே என்னை இழுத்தது.

இப்படி இருக்கும்போதுதான் பாவித்த சாமான் விற்கும் ஒரு இணையப் பக்கத்தில் விளம்பரம் வந்தது. ஒரே ஆளிடம் இரண்டு மொடலும் இருக்கிறதாம், ஒரு மாதம்தான் பாவித்ததாம், எது வேண்டுமோ எடுக்கலாமாம். எஃப்எல்எக்ஸ்4 விலை 94,000. போன் எடுத்தேன்.

அவர் பேசிய விதத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. அவசரப்படுத்தவே இல்லை. முக்கால் மணித்தியாலம் நான் கேட்ட ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். மைக் ஓட்டையைக் கேட்டேன், சரியாகச் சொன்னார். தட்டின் அளவைக் கேட்டேன், நியூமார்க்தான் பெரிசு என்று தானாகவே ஒத்துக்கொண்டார். "தம்பி, நீங்கள் கல்யாண வீட்டுக்குத்தானே போகிறீர்கள், உங்களுக்கு பயனியர்தான் சரி, மற்றதை எடுத்துக் காசை வீணாக்காதேங்கோ" என்றார். எனக்காக யோசிக்கிற மனிசன் என்று நினைத்தேன். பிறகு வீடியோ அனுப்பினார். பூப்போட்ட மேசை விரிப்பில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன, லைட் எரிந்தது, பாட்டு ஓடியது. கடைசியில் ஒரு வார்த்தை: "நானும் மாங்குளம்தான் தம்பி. அம்மாவின் ஊர் புளியங்குளம். எங்கட பிள்ளையளுக்கு நான் பொய் சொல்லுவேனா?"

அந்த இடத்தில்தான் விழுந்தேன். மாங்குளம் என்றதும் வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை. அடுத்த நாளே வங்கிக்குப் போய் 94,000 ரூபாயையும் கட்டினேன். கணக்கு வேறொருவர் பெயரில் இருந்தது. "மச்சாளின் கணக்கு, என்ரதில் சின்னச் சிக்கல்" என்றார். அதற்கும் சரி என்றேன்.

இரவு பஸ்ஸில் போட்டுவிட்டதாகச் சொன்னார். பெட்டி நனைந்துவிட்டதாம், அதனால் காற்றுப்பைத் தாளில் சுற்றியிருக்கிறாராம். விடிய நாலரைக்குப் பரந்தன் சந்தியில் நின்று வாங்கினேன். தூக்கின கையே சொன்னது. எஃப்எல்எக்ஸ்4 இரண்டு கிலோவுக்கு மேல், கையில் இருந்தது அதில் பாதிகூட இருக்குமோ தெரியாது. வீட்டில் அம்மாவும் அத்தானும் பார்த்துக்கொண்டிருக்கப் பிரித்தேன். உள்ளே டிடிஜே-200. அதே கம்பனிதான், ஆனால் அது போனில் பழகுவதற்கான சின்னச் சாமான். மைக் ஓட்டை இல்லை, ஹெட்போன் ஓட்டை இல்லை, அம்புக்கு வயர் குத்த இடமே இல்லை. சத்தம் போனிலிருந்தோ லப்டொப்பிலிருந்தோதான் வரவேண்டும். அத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில் எங்க தம்பி ஸ்பீக்கரைக் கொழுவுறது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அம்மா ஒன்றும் பேசாமல் எழும்பிக் குசினிக்குள் போனார்.

உடனே போன் எடுத்தேன். முதலில், "மாறிப் போயிருக்கும் தம்பி, பின்னேரம் பார்க்கிறேன்" என்றான். பின்னேரம், "வெளியில் நிற்கிறேன், நாளைக்கு எடுங்கோ." புதன்கிழமை கதை மாறியது. "நீங்கள் பயனியர் என்றுதானே கேட்டீர்கள், இதுவும் பயனியர்தானே." 94,000 ரூபாய்க்கு நான் பெயரை மட்டுமா வாங்கினேன்? திருப்பி அனுப்புகிறேன், காசைத் தா என்றேன். "முதலில் அனுப்புங்கோ, பார்ப்பம்" என்றான். வியாழன் காலை பார்த்தால் அந்த வீடியோவையும் தான் எழுதியவற்றையும் வட்ஸ்அப்பில் இருந்து அழித்துவிட்டான். மத்தியானம் என்னைத் தடை செய்துவிட்டான். அத்தானின் போனில் எடுத்தோம். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டான்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977க்கு எடுக்கலாம் என்று போனைக் கையில் எடுத்தபிறகுதான் யோசித்தேன், என்னிடம் என்ன இருக்கிறது? பில் இல்லை. அழிந்த செய்திகளும், யாரோ ஒருவரின் பெயரில் 94,000 ரூபாய் கட்டிய துண்டும்தான். அந்தத் துண்டோடு திங்கட்கிழமை பொலிஸுக்குப் போகிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணத்துக்கு 15,000 முற்பணம் வாங்கியிருக்கிறோம். பழையபடி லப்டொப்போடுதான் போகவேண்டும்.

எதைப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் தொடங்கினேன், இப்போது அதற்கு மனம் இல்லை. இவ்வளவுதான்: வீடியோ அழைப்பில் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கோ, ஓட்டைகளை எண்ணுங்கோ. அடியில் இருக்கும் மொடல் பெயரையும் சீரியல் இலக்கத்தையும் வாசிக்கச் சொல்லுங்கோ. வேறு ஆளின் கணக்குக்குக் காசு போடவேண்டாம். வருகிற செய்திகளை அன்றைக்கே படம் பிடித்து வையுங்கோ. ஊர்ப்பெயரைச் சொன்னால் நம்பவேண்டாம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அத்தான் போனைக் கொண்டுவந்து காட்டினார். அதே பக்கத்தில் புதுப் பெயரில் ஒரு விளம்பரம், இந்த முறை விலை 89,000. மேசையில் அதே பூப்போட்ட விரிப்பு.