என்பிஎன்னா, பிஎன்பியா: ஒரே கிளாஸ் ஏ ஆம்பின் இரண்டு வடிவங்கள்

பிரிட்டிஷ் மின்னணு வடிவமைப்பாளர் ஜான் லின்ஸ்லி ஹூட் 1969-இல் வெளியிட்ட 10 வாட் கிளாஸ் ஏ ஆம்பில் (அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் எப்போதும் மின்சாரம் கடத்திக்கொண்டே இருக்கும் வகை) இருப்பவை நான்கே டிரான்சிஸ்டர்கள். என்பிஎன், பிஎன்பி என்பவை எதிரெதிர் திசையில் மின்சாரம் பாயும் இரு டிரான்சிஸ்டர் வகைகள். அவுட்புட்டில் இரண்டு என்பிஎன், அவற்றை இயக்கும் டிரைவராக இன்னொரு என்பிஎன், உள்ளீட்டில் ஒரு பிஎன்பி. இதை அப்படியே புரட்டி, என்பிஎன் இருந்த இடத்தில் பிஎன்பியும் பிஎன்பி இருந்த இடத்தில் என்பிஎன்னும் போட்டும் கட்டலாம்.

புரட்டினால் ரெசிஸ்டர்களின் மதிப்பு மாறாது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 27 வோல்ட், 1.2 ஆம்பியர் என்பதும் மாறாது. அதாவது ஒரு சேனலுக்கு ஏறக்குறைய 32 வாட் சூடு. பெரிய ஹீட் சிங்க் இரண்டுக்கும் வேண்டும்.

டிரான்சிஸ்டர் தேர்வில்தான் அசலின் கை ஓங்குகிறது. சிலிக்கானில் எலக்ட்ரான்கள் துளைகளைவிட (எலக்ட்ரான் இல்லாத வெற்றிடங்கள்) சுமார் மூன்று மடங்கு எளிதாக நகரும். என்பிஎன்னில் முக்கியமாக ஓடுவது எலக்ட்ரான்கள், பிஎன்பியில் துளைகள். அதனால் பவர் டிரான்சிஸ்டர்களில் என்பிஎன் முந்திக்கொண்டது. அந்தக் காலத்தில் நல்ல சிலிக்கான் பவர் பிஎன்பி அரிது. இன்று நிலைமை வேறு. 2என்3055-க்கு எம்ஜே2955, 2எஸ்சி5200-க்கு 2எஸ்ஏ1943 என ஜோடிகள் இருக்கின்றன. பின்னதில் இரண்டுக்கும் வேகம் 30 மெகாஹெர்ட்ஸ்தான். ஆக, பிஎன்பி என்பதற்காகவே ஒதுக்கத் தேவையில்லை.

சரி, ஒலி? புரட்டிய சர்க்யூட்டில் இரண்டாம் ஹார்மோனிக் போன்ற இரட்டைப்படை ஹார்மோனிக்குகளின் (ஆம்ப் தானாகச் சேர்க்கும், மூல அதிர்வெண்ணின் இரட்டைப்படை மடங்கு ஒலிகள்) குறி மட்டும் தலைகீழாகும், அளவு மாறாது. அந்த மாற்றத்தைக் கேட்டுப் பார்க்க இன்னொரு ஆம்ப் கட்ட வேண்டியதே இல்லை. அசல் ஆம்புக்குப் போகும் சிக்னலின் ஃபேஸைப் புரட்டி, ஸ்பீக்கர் ஒயர்களையும் மாற்றிப் போடுங்கள். கணக்குப்படி அதுவும் இதுவும் ஒன்றே. இந்தச் சோதனையைச் செய்யாமல் சாலிடரிங் அயர்னை எடுக்காதீர்கள் என்பேன்.

பவர் சப்ளை விஷயத்தில் பிஎன்பி வடிவம் கொஞ்சம் தொல்லை. அதில் பாசிட்டிவ்தான் கிரவுண்டு. நெகட்டிவ் கிரவுண்டில் ஓடும் ப்ரீஆம்பை (ஆம்புக்கு முன்னால் சிக்னலைத் தயார் செய்யும் சர்க்யூட்) அதே சப்ளையில் மாட்டி, இரண்டு கிரவுண்டையும் சேர்த்தால் சப்ளையே ஷார்ட் ஆகிவிடும். டிரான்ஸ்ஃபார்மரில் தனி வைண்டிங்கும் தனி ரெக்டிஃபையரும் கட்டாயம்.

முதல்முறை கட்டுகிறவர்களுக்கு என் பரிந்துரை அசல் வடிவம்தான். நன்றாகப் பொருந்திய பிஎன்பி ஜோடி கையில் இருந்தால் புரட்டியதைத் தாராளமாகக் கட்டலாம். அப்புறம், அதில் பாசிட்டிவ், நெகட்டிவ் முனை பார்த்துப் போட வேண்டிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் எல்லாமே திரும்ப வேண்டும். அதிகம் மறக்கப்படுவது அவுட்புட் கெப்பாசிட்டர்: ஆம்பின் நடுப்புள்ளி இப்போது கிரவுண்டுக்குக் கீழே 13.5 வோல்ட்டில் நிற்பதால், நெகட்டிவ் முனைதான் ஆம்ப் பக்கம் வர வேண்டும்.