காட்டைக் காக்க ஈஸ்மென்ட் எழுதப் போகிறீர்களா? முதலில் எங்கள் கதையைப் படியுங்கள்

பென்சில்வேனியாவின் வடகிழக்கு மூலையில் எங்களுக்கு 52 ஏக்கர் பண்ணை இருக்கிறது. அதில் 34 ஏக்கர் காடு. ஹெம்லாக், மேப்பிள், ஆஷ் மரங்கள், நடுவில் ஓர் ஓடை. தென்காசியிலிருந்து வந்திருந்த அப்பா ஒரு சாயங்காலம் முழுக்க அந்த ஓடைக்கரையில் உட்கார்ந்திருந்துவிட்டு, "இதை மட்டும் யாரையும் வெட்ட விட்றாதம்மா" என்றார். இன்று அப்பா இல்லை. அவருக்குக் கொடுத்த வாக்குக்காகத்தான் கன்சர்வேஷன் ஈஸ்மென்ட் எழுத முடிவு செய்தோம்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஈஸ்மென்ட் எழுதினாலும் நிலம் நம் பெயரில்தான் இருக்கும். மனை பிரிக்கும் உரிமையையும் காட்டை அழிக்கும் உரிமையையும் மட்டும் நிலத்தைப் பாதுகாக்கும் லேண்ட் டிரஸ்ட் என்ற அமைப்புக்கு நிரந்தரமாக எழுதிக் கொடுத்துவிடுகிறோம். நாளைக்கு யார் வாங்கினாலும் அந்தக் கட்டுப்பாடு நிலத்தோடேயே போகும். இதனால் நிலத்தின் மதிப்பு எவ்வளவு குறைகிறதோ, அதை நன்கொடையாகக் காட்டி வருமான வரியில் கழிக்கலாம். சாதாரணமாக ஒரு வருடத்தில் வருமானத்தில் 50% வரை கழிக்கலாம். மிச்சத்தை அடுத்த 15 வருடங்களுக்குக் கொண்டுபோகலாம். நல்ல சட்டம்தான். நாங்கள் ஏமாந்தது இடையில் வந்த ஆளிடம்.

ஓர் ஆலோசகர் வந்தார். "எல்லாம் நான் பார்த்துக்கிறேன்" என்றார். மதிப்பீட்டாளர், வக்கீல், ஈஸ்மென்டை வாங்கிக்கொள்ளும் அமைப்பு எல்லாமே அவர் கூட்டிவந்தவைதான். எங்களுக்கென்று தனியாக ஒரு வக்கீல் வைக்கவில்லை. அந்த ஒன்றை நினைத்தால் இன்னும் தூக்கம் வருவதில்லை.

பண்ணையின் மேல் வங்கிக் கடன் பாக்கி இருந்தது. "வங்கியிடம் கேட்க வேண்டாமா?" என்று என் கணவர் இரண்டு முறை கேட்டார். "அது அப்புறம் வாங்கிக்கலாம், வருஷம் முடியப்போகுது, முதல்ல கையெழுத்துப் போடுங்க" என்றார். 2019 டிசம்பர் கடைசி வாரம் போட்டோம். கடனுக்காக நிலத்தை எடுக்க நேர்ந்தாலும் ஈஸ்மென்ட் அழியாது, தன் உரிமை அதற்குப் பின்னால்தான் என்று வங்கி எழுதிக் கொடுத்த கடிதம் அடுத்த ஜூனில் வந்தது.

அந்தக் கடிதம் ஈஸ்மென்ட் எழுதும் நாளிலேயே கையில் இருக்க வேண்டும். பின்னால் வந்தால் வரிக் கழிவு கிடைக்காது. கொலராடோ பண்ணை ஒன்றில் 2003-ல் ஈஸ்மென்ட் எழுதி, கடன் கொடுத்தவரின் சம்மதத்தை 2005-ல் வாங்கியிருக்கிறார்கள். வரி நீதிமன்றம் 2012-ல் கழிவை மறுத்தது. 2015-ல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். நாங்கள் கையெழுத்துப் போடுவதற்கு நான்கு வருடம் முன்பே முடிந்த வழக்கு. இதையே தொழிலாகச் செய்கிறவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

2022-ல் தணிக்கைக் கடிதம் வந்தது. மொத்தக் கழிவும் ரத்து. வரி, வட்டி, அதன்மேல் 20% அபராதம். சலுகைதான் போனதே தவிர, ஈஸ்மென்ட் அப்படியே நிலத்தின் மேல் நிற்கிறது. ஆலோசகர் போனை எடுப்பதில்லை.

பணத்தைவிட என்னை உடைத்தது வேறு. ஈஸ்மென்ட் எழுதும்போது நிலம் எப்படி இருந்தது என்று படங்களோடு ஓர் அறிக்கை தயாரிப்பார்கள். பிற்காலத்தில் எந்தச் சண்டை வந்தாலும் அதுதான் ஆதாரம். தணிக்கைக்காகத்தான் அதை முதல் தடவை ஒழுங்காகப் புரட்டினேன். நான்காம் பக்கத்தில் ஒரு குளம். எங்கள் நிலத்தில் குளமே கிடையாது. அடுத்த பக்கத்தில் வரிசையாக நட்ட பைன் தோப்பு. வேறு யாருடைய நிலமோ! அப்பா உட்கார்ந்த ஓடையின் படம் ஒன்றுகூட இல்லை.

ஈஸ்மென்ட் வாசகமும் அப்படி எங்கிருந்தோ எடுத்து ஒட்டியதுதான். அந்த அமைப்பின் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் பட்ட மரத்தைக்கூட வெட்டக் கூடாதாம். 2007 முதல் பென்சில்வேனியாவின் ஆஷ் மரங்களைக் கொன்றுவரும் பச்சை வண்டு எங்கள் காட்டுக்கும் வந்துவிட்டது. பாதை ஓரத்தில் பதினொரு மரங்கள் பட்டு நிற்கின்றன. காற்றடித்தால் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடப் பயமாக இருக்கிறது. மூன்று கடிதம் எழுதியும் பதில் இல்லை. வருடம் ஒருமுறை வந்து பார்ப்போம் என்றவர்கள் ஒருமுறைகூட எட்டிப்பார்க்கவில்லை.

உங்கள் டிரஸ்ட் லேண்ட் டிரஸ்ட் அங்கீகார ஆணையத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2006 முதல் அந்த ஆணையம் இருக்கிறது. எங்கள் அமைப்பு பட்டியலில் இல்லை. அவர்களுக்குச் சம்பந்தமில்லாத வக்கீலை நீங்களே தேடிப் பிடியுங்கள்.

இன்னொன்று. "ஒரு டாலர் போடுங்க, நாலு டாலர் கழிவு" என்று யாராவது கூட்டாக ஈஸ்மென்டில் பணம் போடக் கூப்பிட்டால் போகாதீர்கள். அந்த மாதிரித் திட்டங்களை வரித்துறை 2016 கடைசியிலிருந்தே குறிவைத்திருக்கிறது. கூட்டு நிறுவனங்கள் போட்ட முதலில் இரண்டரை மடங்குக்கு மேல் கழிவு கேட்பதற்கு 2022 டிசம்பரில் வந்த சட்டம் பெரும்பாலும் கதவை மூடிவிட்டது.

போன மாதம் அங்கீகாரம் பெற்ற ஒரு டிரஸ்டிலிருந்து வனவியலாளர் ஒருவர் வந்தார். மூன்று மணி நேரம் காட்டுக்குள் நடந்தார். ஒரு ஹெம்லாக் கிளையைத் திருப்பி, இலையடியில் பஞ்சு போல ஒட்டியிருந்த பூச்சியைக் காட்டி, இப்போதே மருந்து வைத்தால் இந்த மரங்கள் பிழைக்கும் என்றார். ஈஸ்மென்டைத் தாங்களே ஏற்றுக்கொள்ளத் தயார் என்றும் சொன்னார். அதற்குப் பழைய அமைப்பு கையெழுத்துப் போட வேண்டும். நான்காவது கடிதத்தை நேற்று பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம்.