பெரிய விட்டக் காற்றுத் துப்பாக்கிக்கு வீட்டிலேயே தோட்டா வார்ப்பு: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

பணம் மிச்சமாகும் என்று நினைத்து யாராவது தோட்டா வார்க்க இறங்கினால், முதலில் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள் என்பேன். அச்சு, உருக்கும் பானை, வெப்பமானி, தோட்டாவைத் துல்லியமான விட்டத்துக்குக் குறைக்கும் சைஸிங் டை, மைக்ரோமீட்டர், நுண்தராசு என்று எல்லாம் வாங்கி முடித்தால், போட்ட காசை எடுக்க வெகுகாலம் சுட வேண்டியிருக்கும். நான் இன்னமும் வார்த்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் வேறு. என் துப்பாக்கி .457 அங்குல விட்ட அளவு பி.சி.பி., அதாவது முன்கூட்டியே அழுத்தக் காற்று நிரப்பும் வகை. அதன் குழலுக்கு அச்சுப் பிசகாமல் பொருந்தும் தோட்டா கடையில் கிடைப்பதில்லை. கிடைப்பதெல்லாம் அதற்குப் 'பக்கத்தில்' இருக்கும் அளவுகள்தான்.

அந்தப் 'பக்கத்தில்' என்பது வெடிமருந்துத் துப்பாக்கியில் பல சமயம் ஓடிவிடும். அங்கே பல்லாயிரம் பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தம் மென்மையான ஈயத்தின் அடிப்பகுதியைப் பிதுக்கி, தோட்டாவைச் சுழலவைக்கக் குழலுக்குள் முறுக்காக வெட்டியிருக்கும் ரைஃப்ளிங் பள்ளங்களை அடைத்துவிடும். காற்றுத் துப்பாக்கியில் தொட்டி நிரம்பியிருந்தாலே 3000 பி.எஸ்.ஐ., சில மாடல்களில் 4500. வால்வு திறந்து தோட்டாவின் முதுகை எட்டுவது அதைவிடக் குறைவு. அந்த அழுத்தத்தில் தோட்டா வீங்கிக் குழலை அடைத்துக்கொள்ளும் என்று நம்பியிருக்க முடியாது. உள்ளே போகும்போதே சரியான அளவில் இருந்தாக வேண்டும். சின்னதாக இருந்தால் ஓரமாகக் காற்று கசியும், வேகம் ஷாட்டுக்கு ஷாட் மாறும், இலக்கில் துளைகள் சிதறும். பெரிதாக இருந்தால் தோட்டாவைக் குழலுக்குள் ஏற்றும் போல்ட்டைத் தள்ளவே முடியாது. எத்தனையோ கலவைகள், மூக்கு வடிவங்கள், மெழுகுகள் பார்த்தாகிவிட்டது. விட்டத்தைச் சரிசெய்ததில் கிடைத்த பலன் மற்ற எதிலும் கிடைக்கவில்லை.

ஆகவே அச்சு வாங்கும் முன் குழலை அளந்துவிடுங்கள். தொட்டியில் காற்றில்லை, துப்பாக்கி சுடும் நிலையில் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, குழல் அளவைவிடச் சற்றே பெரிய மென் ஈய உருண்டை ஒன்றை எண்ணெய் தடவி, கம்பியால் மெதுவாக ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தள்ள வேண்டும். எங்கே இறுக்கம், எங்கே தளர்வு என்பது கைக்கே தெரியும். வெளியே வந்த உருண்டையில் பதிந்திருக்கும் மேடுகள்தாம் குழலின் பள்ளங்கள். அவற்றின் குறுக்களவை மைக்ரோமீட்டரில் எடுத்தால் பள்ள விட்டம் கிடைத்துவிடும். பள்ளங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் சாதாரண மைக்ரோமீட்டர் நேராக உதவாது. ஒரு மேட்டுக்கு எதிரே இன்னொரு மேடு இருக்காதே. அதற்கு வி வடிவத் தாங்கி உள்ள மைக்ரோமீட்டர் வேண்டும். என் குழலுக்குப் பள்ள விட்டத்தைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடுதலான தோட்டாதான் ஒத்துவந்தது. அதற்கு மேல் போனால் ஏற்றுவதே மல்யுத்தம்.

கலவை விஷயத்தில் நான் போகப் போக எளிமைக்கு வந்துவிட்டேன். சுத்த ஈயம், அதில் கொஞ்சம் வெள்ளீயம். அவ்வளவே. உலோகத்தின் கடினத்தை அளக்கும் பிரினெல் அளவில் சுத்த ஈயம் சுமார் 5. இருபது பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்தால் சுமார் 10. பழைய அச்சகங்களில் எழுத்து வார்த்த லைனோடைப் உலோகம் 20-ஐத் தாண்டும், அது இந்த வேலைக்கு ஆகாது. வெள்ளீயம் சேர்ப்பது கடினமாக்க என்று பலர் நினைக்கிறார்கள். உருகிய உலோகத்தின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைத்து, அச்சின் மூலை முடுக்கெல்லாம் நிரம்பச் செய்வதே எனக்கு அதனால் கிடைக்கும் முதல் உதவி. நூற்றுக்கு இரண்டு பங்கு அதற்குப் போதும். விலை அதிகமான உலோகம், அள்ளிப் போடாதீர்கள்.

இதில் புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அச்சின் பெட்டியில் போட்டிருக்கும் விட்டமும் எடையும் ஏதோ ஒரு கலவையை வைத்துச் சொன்னவை, பெரும்பாலும் ஈயத்தைக் கடினமாக்கும் ஆன்டிமனி கலந்தது. அதே அச்சில் சுத்த ஈயத்தை ஊற்றினால் ஆறும்போது அதிகம் சுருங்கும். தோட்டா ஆயிரத்தில் ஒன்றோ இரண்டோ குறைவான விட்டத்தில் விழும், எடையோ கூடும். நமக்கு வேண்டியதே அந்த ஆயிரத்தில் ஒன்றுதான்! அச்சுக்கு ஆர்டர் சொல்லும்போதே எந்தக் கலவையை ஊற்றப் போகிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். பெரிதாக விழும் தோட்டாவை டையில் தள்ளிக் குறைக்கலாம். சிறிதாக விழுந்தால் அச்சின் முகத்தில் வெப்பம் தாங்கும் மெல்லிய அலுமினிய டேப் ஒட்டிப் பெரிதாக்கும் தந்திரம் இருக்கிறது, ஆனால் அது நிரந்தர வைத்தியம் இல்லை.

பழைய ஈயம் சேகரிக்கிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. கார் சக்கர எடைகளில் இப்போது துத்தநாகமும் இரும்பும் நிறைய வருகின்றன. ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும், துத்தநாகத்துக்கு 419 வேண்டும். பானையை இரண்டுக்கும் நடுவே நிறுத்தினால் துத்தநாகம் உருகாமல் மிதக்கும், கரண்டியால் எடுத்துவிடலாம். கலந்துவிட்டால் அந்தப் பானை முழுக்கக் கூழ்போல் ஆகி அச்சில் நிரம்ப மறுக்கும். இரண்டாவது, பேட்டரி ஈயம். இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். அமிலம் ஒரு பக்கம். தகடுகளில் இருக்கும் ஆர்செனிக்கும் ஆன்டிமனியும், கால்சியத்தோடும் ஈரத்தோடும் சேரும்போது ஆர்சின், ஸ்டிபின் என்ற கொடிய வாயுக்களைத் தரக்கூடும்.

வார்ப்பு நாளுக்கு வருவோம். பானை 370 முதல் 400 டிகிரிக்குள் இருந்தால் என் கலவைக்குச் சரி. ஆனால் பானையின் வெப்பத்தைவிட அச்சின் வெப்பம் முக்கியம் என்பது ஊற்ற ஊற்றத்தான் புரியும். அச்சு குளிர்ந்திருந்தால் தோட்டாவில் சுருக்கம் விழும். மிகச் சூடானால் மேல்தோல் உறைபனி படிந்ததுபோல் வெளிறிவிடும். லேசான வெளிறல் குற்றமில்லை, நான் அதைக் கழிப்பதில்லை. சுருக்கத்துக்கு இன்னொரு காரணம் அச்சில் ஒட்டியிருக்கும் எண்ணெய். புது அச்சைச் சோப்பும் பழைய பல்துலக்கியும் கொண்டு நன்றாகத் தேய்த்துக் கழுவி, முழுக்க உலர்த்திய பிறகே சூடாக்க வேண்டும். முதலில் விழுபவை எப்படியும் பானைக்கே திரும்பும், அவற்றை ஆராய்ந்து கவலைப்படுவது வீண். ஒரே தாளத்தில் ஊற்றிக்கொண்டே போனால் அச்சு தன் வெப்பநிலையைத் தானே பிடித்துக்கொள்ளும். நடுவில் நிறுத்தி விழுந்த தோட்டாக்களை ரசிக்கப் போனால் அந்தத் தாளம் கெட்டது.

இவ்வளவு பெரிய தோட்டாவுக்கு ஸ்ப்ரூ தகட்டின் (அச்சின் மேலுள்ள, ஊற்றும் துளை கொண்ட தகடு) மேல் தாராளமாக உலோகம் ஒரு குட்டைபோல் நிற்கும்படி ஊற்ற வேண்டும். உள்ளே ஈயம் உறையும்போது சுருங்கி மேலிருந்து உறிஞ்சும். உறிஞ்ச எதுவும் இல்லையென்றால் அடிப்பகுதியிலோ வயிற்றிலோ பொந்து விழும். வெளியே பார்த்தால் தெரியாது, தராசு காட்டிக்கொடுக்கும். 350 கிரெய்ன் என்பது சுமார் 22.7 கிராம், ஒரு கிலோ ஈயத்தில் நாற்பத்து நான்கு வரும். அந்த எடையில் ஒன்றிரண்டு கிரெய்ன் வித்தியாசத்தை நான் பொருட்படுத்துவதில்லை. கூட்டத்திலிருந்து தனியாக விலகி இலேசாக நிற்பவை மட்டும் பானைக்குப் போகும். அடிப்பகுதியின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா என்று பார்ப்பதை எடையைவிட மேலாக வைக்கிறேன். தோட்டா குழலை விட்டு வெளியேறும் அந்தக் கணத்தில், பின்னால் வரும் காற்று எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் வெளியேற வேண்டும். விளிம்பில் ஒரு பக்கம் மழுங்கியிருந்தால் தோட்டாவுக்கு ஒரு சாய்ப்பு கிடைத்துவிடும். மூக்கில் சிறு பள்ளம் இருந்தால்கூட விட்டுவிடுவேன், அடியில் இருந்தால் விடமாட்டேன்.

கசடு எடுக்கும்போது ஒரு துண்டு தேன்மெழுகோ, நன்கு காய்ந்த மரத்தூளோ போட்டுக் கிளறினால், மேலே ஆக்சைடாகப் போன வெள்ளீயம் பெரும்பாலும் உலோகமாகத் திரும்பும். காய்ந்த என்ற சொல்லைக் கவனியுங்கள். ஈரம் உருகிய ஈயத்துக்குக் கீழே மாட்டினால் நொடியில் ஆவியாகிப் பானையையே வாரி இறைக்கும். தண்ணீர் ஆவியாகும்போது பருமன் சுமார் 1700 மடங்கு ஆகிறது. பானைக்குள் போடும் ஈயக் கட்டி, கரண்டி, எல்லாவற்றையும் பானையின் விளிம்பில் வைத்துச் சூடாக்கிய பிறகே உள்ளே விடுவது என் வழக்கம். முகக் கவசம், தோல் கையுறை, மூடிய காலணி, நீளக் கால்சட்டை. கோடையில் புழுங்கும்தான், பரவாயில்லை.

அடுத்தது சைஸிங், அதாவது விட்டத்தைச் சரியாகக் குறைப்பது. வார்த்ததை அப்படியே சுடுவதும் உண்டு, ஆனால் நான் எல்லாவற்றையும் சைஸிங் டை வழியாகத் தள்ளுகிறேன். மூக்கு முன்னே போகும்படி வைத்து, அடியைத் தட்டையான தண்டால் தள்ளினால் போதும். ஆயிரத்தில் இரண்டு, மூன்று வரை குறைப்பதில் சிக்கல் இல்லை. அதற்கு மேல் ஒரே தள்ளலில் குறைத்தால் மென் ஈயம் இழுபட்டு அடியில் பிசிறு தூக்கும். தள்ளும் முன் மிக மெல்லிய மசகு போதும். சுடும்போதும் அதே மெல்லிய பூச்சுதான். இங்கே சூடான வாயுவும் இல்லை, அதனால் கடினத் தோட்டாக்களுக்குப் போடும் செம்பு அடிமூடியும் தேவையில்லை. மெழுகைப் பள்ளம் நிறைய அப்புவது வெடிமருந்துக்காரர்களிடமிருந்து வந்த பழக்கம். காற்றுத் துப்பாக்கியில் அது குழலில் படிந்து, குளிர் காலையில் முதல் ஷாட்டைக் கெடுப்பதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

வார்க்காமல், குளிர்ந்த ஈயக் கம்பியை வெட்டி டைக்குள் அழுத்தி வடிவாக்கும் ஸ்வேஜிங் முறையும் இருக்கிறது. பொந்து கிடையாது, புகை கிடையாது, எடை அச்சுக் கொட்டியதுபோல் ஒன்றாக வரும். நண்பர் ஒருவரின் கருவியில் செய்து பார்த்தேன். தரத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்த அளவு விட்டத்துக்குப் பெரிய பிரஸ் வேண்டும், டையின் விலையும் தலை சுற்ற வைக்கும். தோட்டாவின் மேல் பெயிண்ட் தூளைப் பூசிச் சுட்டு இறுக்கும் பவுடர் கோட்டிங்கும் முயன்றேன். அந்தத் தூளோடு பிளாஸ்டிக் டப்பாவில் குலுக்கி 200 டிகிரி அடுப்பில் இருபது நிமிடம் வைத்தால் கையில் ஈயம் படாத அழகான தோட்டா கிடைக்கும். பூச்சின் தடிமன் விட்டத்தைக் கூட்டும் என்பதால் மறுபடி சைஸிங் செய்ய வேண்டும். வேலை இரட்டிப்பு. சிறிதாக விழும் அச்சை வைத்துக்கொண்டு தவிப்பவர்களுக்கு மட்டும் அதைச் சொல்வேன்.

எடை கூடிய நீளத் தோட்டா மேல் எல்லோருக்கும் ஒரு மோகம். ஆற்றல் கூடும் என்பது உண்மைதான். ஆனால் குழலின் முறுக்குப் பள்ளங்கள் தரும் சுழற்சி அதை நிலைப்படுத்த வேண்டும். 1879-இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் கிரீன்ஹில் தந்த விதி தோராயமாக இன்றும் உதவும்: விட்டத்தின் வர்க்கத்தை 150-ஆல் பெருக்கி, பள்ளங்கள் ஒரு முழுச் சுற்றுச் சுற்ற எடுக்கும் குழல் நீளத்தால் வகுத்தால் தோட்டாவின் உச்ச நீளம். .457 விட்டம், 30 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் சுமார் 26 மில்லிமீட்டர். நம் வேகங்களில் அதற்குச் சற்றுக் குறைவாகவே வைத்துக்கொள்வது நல்லது. மீறினால் தோட்டா காகிதத்தில் பக்கவாட்டில் விழுந்து சாவித்துளைபோல் கிழிக்கும். மென் ஈயத்தில் கூர்மூக்கைவிடத் தட்டைமூக்குக்கு நான் மாறியதற்கும் இதுவே காரணம். அதே எடை, நீளம் குறைவு.

ஈயத்தின் நஞ்சைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் புகையைத்தான் பயப்படுகிறார்கள். வார்ப்பு வெப்பநிலையில் ஈயம் ஆவியாவது மிகக் குறைவு. ஆபத்து கசட்டுத் தூளில் இருக்கிறது. சாம்பல் நிறத்தில் மெல்லியதாகக் கிளம்பும் அந்த ஆக்சைடு கையில், சட்டையில், தரையில் படிந்து, சாப்பாட்டோடும் பிள்ளைகளின் விரல்களோடும் வாய்க்குப் போகும். அதனால் திறந்தவெளியில் காற்று நம் முதுகிலிருந்து வீசும்படி நின்று வார்ப்பது, வார்ப்புக்கென்று தனி உடுப்பு வைத்துத் தனியாகத் துவைப்பது, அங்கே தின்பதோ புகைப்பதோ இல்லை என்பது, கசட்டை மூடியுள்ள டப்பாவில் போட்டு முறையாக அப்புறப்படுத்துவது. சமையல் பாத்திரம் எதுவும் இந்த வேலைக்குப் போய்த் திரும்பி வரக்கூடாது. பவுடர் கோட்டிங் அடுப்புக்கும் அதே விதி. வருடத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் ஈய அளவு பார்க்கிறேன். வீட்டில் சிறு குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் இந்த வேலையைத் தள்ளிப்போடுவதே என் கருத்து, இதில் சமரசம் இல்லை. சட்டமும் நாட்டுக்கு நாடு வேறு. இந்த ஆற்றலில் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உங்கள் ஊரில் உரிமம் வேண்டுமா, அனுமதியே உண்டா என்பதை முதலில் பாருங்கள்.

இது புதுப் பைத்தியம் என்று கேலி செய்பவர்களுக்கு ஒரு செய்தி: 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆஸ்திரிய ராணுவம் பயன்படுத்திய ஜிராண்டோனி காற்றுத் துப்பாக்கியின் வீரர் பையில் கைப்பம்பும் உதிரிக் காற்றுக் குடுவைகளும் மட்டுமல்ல, ஈயம் ஊற்றும் கரண்டியும் இருந்தது.

கருவிகள் எப்படி உழைத்தன? அலுமினிய அச்சு சீக்கிரம் சூடேறும், கைக்கு இலேசு, ஆனால் ஸ்ப்ரூ தகடு உரசும் இடத்தில் கீறல் விழத் தொடங்கிவிட்டது. தகட்டின் அடியில் சூடு தாங்கும் எண்ணெய் ஒரு துளி அவ்வப்போது வைத்திருந்தால் இன்னும் உழைத்திருக்கும். பித்தளை அச்சு அருமை. வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் பெரிய தோட்டாக்களுக்கு நல்ல துணை, என்ன, ஒரு மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும். இரும்பு அச்சு எண்ணெய் பூசாமல் வைத்த இடத்தில் துருவைக் காட்டிவிடும். மின்பானையின் அடிக்குழாய் ஒழுகுவது பற்றிய புலம்பல் நியாயமானதே, என்னுடையதும் ஒழுகுகிறது. கீழே ஈயக் கட்டி வார்க்கும் காலி அச்சு ஒன்றை வைத்துவிட்டு வேலையைப் பார்க்கிறேன்.

புதிதாகத் தொடங்குபவர் முதலில் வாங்க வேண்டியது நல்ல மைக்ரோமீட்டர். குழலை அளந்த பிறகு, இரண்டு குழி அச்சு ஒன்று, அதற்கேற்ற டை ஒன்று. ஆறு குழி அச்சை இந்த விட்டத்தில் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டாம். ஒரு நாளில் நீங்கள் சுடப்போவது சொற்பம், ஒரு நிரப்பலுக்குச் சில ஷாட்டுகளே உருப்படியாகக் கிடைக்கும் துப்பாக்கி இது.