சுசெட்ரிஜின்: அறுவைக்குப் பிந்தைய வலிக்கான புதிய மாத்திரை எவ்வளவு தேறுகிறது?

2025 ஜனவரி 30 அன்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஒப்புதல் கொடுத்த மாத்திரை இது. தயாரிப்பு வெர்டெக்ஸ், விற்பனைப் பெயர் ஜர்னாவ்எக்ஸ். பெரியவர்களுக்கு வரும் திடீர் வலி, அதுவும் மிதமானது முதல் கடுமையானது வரை இருந்தால் மட்டுமே இதற்கு அனுமதி.

மார்ஃபின் வகை மருந்துகள் (ஓபியாய்டுகள்) மூளையிலும் தண்டுவடத்திலும் வேலை செய்வதால்தான் தூக்கக் கலக்கம், மூச்சு மந்தம், பழக்கமாகிவிடும் ஆபத்து எல்லாம் கூடவே வருகின்றன. சுசெட்ரிஜின், வலியை உணரும் புற நரம்புகளில் உள்ள என்.ஏ.வி. 1.8 என்ற சோடியம் சேனலை, அதாவது வலிச் சைகை கடந்துபோக உதவும் வாயிலை, மட்டும் அடைக்கிறது. புபிவகைன் போன்ற மரப்பு ஊசிகளும் சோடியம் சேனலைத்தான் அடைக்கின்றன. ஆனால் அவற்றுக்கு வகை பிரித்துப் பார்க்கத் தெரியாது. அதனால் கால் மரத்து, தசையும் தளர்ந்துபோகிறது. இந்த மாத்திரையில் அந்தத் தொல்லை இல்லை. மருந்தியல் ரீதியாக இது உண்மையிலேயே அழகான வேலை.

வலியை எவ்வளவு குறைக்கிறது என்று பார்த்தால் படம் சற்று மாறுகிறது. பெரிய சோதனைகள் இரண்டு: ஒன்று வயிற்றுச் சதை அகற்றும் அறுவை, மற்றது கால் பெருவிரல் எலும்பு அறுவை. இரண்டிலும், ஒப்பிடுவதற்காகக் கொடுக்கும் மருந்தில்லாத வெற்று மாத்திரையைத் தெளிவாக வென்றது. வயிற்று அறுவையில் வலி மதிப்பெண் 2 புள்ளி குறைய ஆன இடைநிலை நேரம் 119 நிமிடம். வெற்று மாத்திரைக்கு 480. எலும்பு அறுவையில் 240 நிமிடம் ஆனது. ஆனால் ஹைட்ரோகோடோன் என்ற ஓபியாய்டு 5 மி.கி., பாரசிட்டமால் 325 மி.கி. கலந்த மாத்திரையை இரண்டு சோதனையிலும் மிஞ்சவில்லை. எலும்பு அறுவையில் அந்தக் கலவை மாத்திரையின் கைதான் ஓங்கி இருந்தது. ஓபியாய்டு இனி தேவையே இல்லை என்று யாராவது சொன்னால் இந்த முடிவைக் காட்டுங்கள். குமட்டலும் வாந்தியும் குறைவு என்பதுதான் இதன் நிஜமான லாபம்.

முதல் டோஸில்தான் பெரும்பாலும் தவறு நடக்கும். முதலில் 100 மி.கி., அதாவது இரண்டு மாத்திரை, வெறும் வயிற்றில்: சாப்பாட்டுக்கு 1 மணி நேரம் முன்பு அல்லது 2 மணி நேரம் பின்பு. தண்ணீர் போன்ற தெளிந்த திரவம் குடிக்கலாம். மயக்கம் தெளிந்தவருக்கு ஆகாரம் கொடுத்த கையோடு மாத்திரையையும் கொடுத்தால் மருந்து வேலை தொடங்கத் தாமதமாகும்; வலியோடு காத்திருப்பவர் மருந்தே பலிக்கவில்லை என்று முடிவுகட்டிவிடுவார். அதன் பிறகு 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 50 மி.கி.; இதற்குச் சாப்பாட்டுக் கணக்கு கிடையாது. மாத்திரையை நசுக்கவோ மெல்லவோ கூடாது. முதல் இரண்டு மணி நேரத்தைச் சமாளிக்க நரம்புத் தடுப்பு ஊசியோ வேறு வலி மருந்தோ முன்னேற்பாடாக இருக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

மற்ற மருந்துகளோடு மோதுவதுதான் இதன் பெரிய பலவீனம். கல்லீரலின் சிப்3ஏ நொதி இதைச் சிதைக்கிறது. அந்த நொதியைப் பலமாக முடக்கும் கிளாரித்ரோமைசின் (ஆன்டிபயாடிக்), இட்ரகோனசோல் (பூஞ்சை மருந்து) போன்றவற்றோடு இதைக் கொடுக்கவே கூடாது. காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் வலிப்புக்கான கார்பமசெபின், ஃபெனிட்டோயினும் நொதியைத் தூண்டிவிட்டு மருந்தின் பலனைக் குறைத்துவிடும். அவற்றோடும் சேர்க்க வேண்டாம். கிரேப்ஃப்ரூட் பழத்தைத் தவிர்க்க வேண்டும். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களிடம் அதில் என்ன ஹார்மோன் இருக்கிறது என்று கேட்டே ஆக வேண்டும்: லீவோநார்ஜெஸ்ட்ரெலும் நாரெதிண்ட்ரோனும் அல்லாத புரோஜெஸ்டின் என்றால், ஹார்மோன் இல்லாத கூடுதல் பாதுகாப்பு தேவை. கல்லீரல் மிகவும் பழுதானவர்களுக்கு வேண்டாம். மிதமான பழுது என்றால் டோஸ் மாறும்.

அரிப்பு, தசைப்பிடிப்பு, தோல் தடிப்பு, ரத்தத்தில் சி.பி.கே. என்ற தசை நொதியின் உயர்வு ஆகியவை சோதனைகளில் தெரிந்த பக்கவிளைவுகள்.

அமெரிக்காவில் அறிமுகப் பட்டியல் விலை மாத்திரைக்கு 15.50 டாலர். மூன்று நாளைக்கு 7 மாத்திரை, 108.50 டாலர், ஒரு வாரத்துக்கு 15 மாத்திரை, 232.50 டாலர். பாரசிட்டமாலும் ஐபுபுரோஃபெனும் சேர்ந்தே அடக்கிவிடும் சிறு அறுவைக்கு இந்தச் செலவு வீண். ஐபுபுரோஃபென் ஒத்துக்கொள்ளாதவர், ஓபியாய்டு கொடுத்தால் வாந்தியில் துவண்டுபோகிறவர், முன்பு போதைப் பழக்கத்திலிருந்து மீண்டவர் ஆகியோருக்குத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். அதுவும் 14 நாளுக்குள். அதற்கு மேல் திடீர் வலிக்கு இதைச் சோதித்துப் பார்க்கவில்லை.