நாஸ் பெட்டியா, நேரடி டிஸ்க்கா? கரண்ட் போய் வந்த பிறகு கேளுங்கள்

பொதுவாக ஆட்கள் யூஎஸ்பி டிஸ்க்கில் தொடங்கி, கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் நாஸ், அதாவது வீட்டு நெட்வொர்க்கில் தனியாக நிற்கும் டிஸ்க் பெட்டி, வாங்குவார்கள். நான் எதிர்த்திசையில் வந்தவன். மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டில் லினக்ஸ் போட்ட ஒரு மினி பிசியில் ஜெல்லிஃபின் ஓடுகிறது. சேர்த்து வைத்த வீடியோக்களை டிவிக்கு அனுப்பும் மீடியா சேர்வர் அது. இரண்டு வருடமாக வீடியோக்கள் எல்லாம் நாஸ் பெட்டியில் கிடந்தன. மினி பிசி அவற்றை வீட்டு நெட்வொர்க் வழியாக எடுத்து டிவியில் காட்டியது. 2025 மார்ச்சில் ஒரு பெரிய டிஸ்க்கை மினி பிசியிலேயே செருகி, எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிட்டேன். நாஸை விற்கவில்லை. இரவில் நகல் எடுத்து வைப்பது மட்டும்தான் இப்போது அதற்கு வேலை.

எங்களிடம் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், என் முடிவு அதைப் பொறுத்தது. சினிமாப் படம் குறைவு, பெரும்பகுதி கூத்து. அப்பா மத்தளக்காரர். படுவான்கரைப் பக்கம் எங்கே கூத்தென்றாலும் கமராவைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். வடமோடி, தென்மோடி என்ற இரண்டு பாணியும், சதங்கை அணி விழா, அரங்கேற்றம் என்று நூற்றுச் சொச்சம் பதிவுகள் சேர்ந்திருக்கின்றன. விடிய விடிய நடக்கிற ஆட்டம் என்பதால் ஒரு பதிவே முப்பது ஜிபி வரும். சினிமாவென்றால் ஜெல்லிஃபின் தானே இணையத்தில் போய் போஸ்டர், கதைச் சுருக்கம், நடிகர் பட்டியல் எல்லாம் கொண்டுவந்துவிடும். கூத்துக்கு அப்படி ஒன்றும் கிடையாது. எந்த ஊர்க் களரி, எந்த வருடம், கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் யார், எந்த வேடத்துக்கு யார் ஆடியது என்பதெல்லாம் நான் மாலை மாலையாக இருந்து கையால் தட்டியது.

சரி, ஒப்பீடு. வேகத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. ஒரு ஹெச்டி வீடியோவுக்கு விநாடிக்கு 10 மெகாபிட் போதும். சாதாரண கிகாபிட் கம்பி அதைப்போல நூறு மடங்கு தாங்கும். என் சேகரிப்பின் அளவுக்குக் கொள்ளளவு இரண்டிலும் ஒன்றுதான். செலவில் நேரடி டிஸ்க் வெல்லும்: நாஸ் என்றால் பெட்டிக்கும் காசு, உள்ளே போடும் டிஸ்க்குக்கும் காசு. 20 வாட் இழுக்கும் பெட்டி இரவு பகலாக ஓடினால் மாதம் 14 யூனிட்டைத் தாண்டும், அதுவும் பில்லில் வரும். இதெல்லாம் கடையில் நின்றபடியே போடக்கூடிய கணக்கு. எனக்கு முடிவைத் தந்தது வேறொன்று: கரண்ட் போய் வந்தால் எந்தப் பெட்டி முதலில் எழும்பும்?

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறையில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டு நாடே இருண்ட நாள், நினைவிருக்கும். முன்பகல் போன கரண்ட் எங்களுக்குப் பின்னேரம்தான் வந்தது. மினி பிசி அரை நிமிடத்தில் எழும்பிவிட்டது. ரூட்டருக்கு இரண்டு நிமிடம். நாஸோ ஒழுங்காக மூடப்படாமல் அணைந்ததால் தன் டிஸ்க்குகளைச் சரிபார்க்கத் தொடங்கி, பத்து நிமிடத்துக்கு மேல் எடுத்தது. மினி பிசி எழும்பியதும் நாஸைத் தட்டிப் பார்த்திருக்கிறது. பதில் இல்லை என்றதும் விட்டுவிட்டது. பிறகு நாஸ் எழும்பியதை அது திரும்பிப் பார்க்கவே இல்லை.

லினக்ஸில் நெட்வொர்க் ஃபோல்டரை மவுண்ட் செய்வது பாய் விரிப்பதுபோல. மினி பிசியின் சொந்த டிஸ்க்கில் ஒரு வெற்று ஃபோல்டர் இருக்கும், அது தரை. நாஸில் இருக்கும் ஃபோல்டரை அதன் மேல் விரிக்கிறோம். பாய் விரியாத நாளில் தெரிவது வெறும் தரை.

அன்றிரவு என் மருமகன் தன் பள்ளிக்கூடக் கலைவிழா வீடியோவை லேப்டாப்பிலிருந்து மினி பிசியின் அந்த ஃபோல்டருக்குள் போட்டிருக்கிறான். உள்ளே ஒன்றுமே இல்லாதது அவனுக்கு வித்தியாசமாகப் படவில்லை. காலையில் டிவியைப் போட்டுவிட்டுக் கூப்பிட்டான்: "மாமா, கூத்து ஒண்டையும் காணல்ல. நான் போட்டது மட்டும்தான் கிடக்கு."

அந்த ஒரு ஃபைல்தான் வினை. லைப்ரரி ஃபோல்டர் முழுக்கக் காலியாக இருந்திருந்தால் ஜெல்லிஃபின் ஏதோ கோளாறு என்று சந்தேகப்பட்டு அதைத் தொடாமல் விட்டிருக்கும். அணுக முடியவில்லை அல்லது காலியாக இருக்கிறது என்று லாகில் ஒரு எச்சரிக்கை வரியோடு விஷயம் முடிந்திருக்கும். மருமகனின் ஃபைல் அங்கே இருந்ததால் ஃபோல்டர் காலி இல்லை என்றாகிவிட்டது. ஃபோல்டரில் என்ன இருக்கிறது என்று பார்க்க 12 மணித்தியாலத்துக்கு ஒருமுறை தானாக ஓடுகிற ஸ்கேன் இரவில் ஓடியபோது, மற்றதையெல்லாம் யாரோ அழித்துவிட்டார்கள் என்று எண்ணி லைப்ரரியிலிருந்து தூக்கிவிட்டது.

நானும் புத்திசாலித்தனமாக ஒன்றும் செய்யவில்லை. எல்லாவற்றையும் அணைத்துப் போட்டேன், ஸ்கேனை அழுத்தினேன். கூத்துகள் அத்தனையும் திரும்பி வந்தன, வீடியோ ஒன்றுகூட அழிந்திருக்கவில்லை. ஆனால் நான் கையால் தட்டிய விவரம் எதுவும் இல்லை. ஃபைல் பெயர்கள் மட்டும் வரிசையாக நின்றன. பின்னால் நின்ற மருமகன், "இப்ப என்ட வீடியோவைக் காணல்ல மாமா" என்றான். காணாது தான். அது தரையில் கிடந்தது, அதன் மேல் பாய் விரிந்துவிட்டது. மார்ச்சில் நாஸைக் கழற்றியபோதுதான் அந்த ஃபைல் வெளியே வந்தது.

ஆகவே, ஃபைல் காணவில்லை என்றால் முதலில் மீடியா சேர்வரில் கை வைக்காதீர்கள், ஸ்கேன் அழுத்தவே அழுத்தாதீர்கள். அந்த ஃபோல்டர் எந்த டிஸ்க்கில் இருக்கிறது, அதன் அளவு என்ன என்று பாருங்கள். 'டிஎஃப்' கட்டளை போதும். 8 டிபி காட்ட வேண்டிய இடத்தில் 240 ஜிபி என்று வந்தால் நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது தரையை. பிளெக்ஸ் என்ற இன்னொரு மீடியா சேர்வர் வைத்திருப்பவர்களுக்கும் இதே குழி உண்டு. ஸ்கேன் முடிந்ததும் குப்பையைத் தானாகக் காலிசெய்யும் தெரிவை அணைத்து வையுங்கள். ஜெல்லிஃபினில் லைப்ரரி அமைப்புக்குள் போய், விவரங்களை வீடியோவுக்குப் பக்கத்திலேயே என்எஃப்ஓ என்ற சிறு எழுத்து ஃபைலாக எழுதி வைக்கும் வசதியைப் போடுங்கள். எந்த டிஸ்க் வைத்திருந்தாலும் இதைச் செய்யுங்கள். நான் அதை முன்பே செய்திருந்தால் விவரங்களை மறுபடி தட்டிய இரண்டு வாரம் மிஞ்சியிருக்கும்.

நாஸ் வழியிலேயே இதைத் திருத்த முடியாதா? முடியும், திருத்தியும் பார்த்தேன். ஃபோல்டரைத் தொடும் நேரத்தில்தான் மவுண்ட் ஆகும்படி ஆட்டோமவுண்ட் போடலாம். மவுண்ட் ஆகாமல் ஜெல்லிஃபின் தொடங்கக்கூடாது என்று, லினக்ஸில் எல்லாவற்றையும் தொடக்கிவைக்கும் சிஸ்டம்டியிடம் சொல்லி வைக்கலாம். அடியிலுள்ள வெற்று ஃபோல்டரில் யாரும் எழுத முடியாதபடி பூட்டலாம். ரூட்டரில் நாஸுக்கு ஒரே ஐபி முகவரியை ஒதுக்கலாம், இல்லாவிட்டால் ஒருநாள் முகவரி மாறி மறுபடி காணாமல் போகும். கரண்ட் வந்ததும் தானாக எழும்பும்படி நாஸிலும் ஒரு தெரிவு. ஒவ்வொன்றும் ஐந்து நிமிட வேலைதான். ஆனால் அவை மூன்று பெட்டிகளில் சிதறிக் கிடக்கின்றன. ரூட்டரை மாற்றிய அன்று அதிலிருந்தது போய்விடும், மினி பிசியைப் புதிதாக நிறுவிய அன்று மூன்று போய்விடும். அதெல்லாம் எதற்காகப் போட்டது என்று எனக்கே ஆறு மாதத்தில் மறந்துவிடும். நான் ஊரில் இல்லாத நாளில் வீட்டில் இருப்பவர்கள் யாரும் இதைப் பார்க்கப் போவதில்லை.

நேரடி டிஸ்க்கில் எழும்ப வேண்டியது ஒரே பெட்டி. லினக்ஸில் டிஸ்க் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று சொல்லும் 'நோஃபெயில்' குறிப்பை நான் வேண்டுமென்றே போடவில்லை. டிஸ்க் கிடைக்காவிட்டால் மினி பிசி பாதியிலேயே நின்றுவிடும், ஜெல்லிஃபின் தொடங்காது. டிவியில் ஒன்றும் வராது, அவ்வளவுதான். வெற்று ஃபோல்டரைக் காட்டி ஏமாற்றுவதைவிட எனக்கு அது மேல். அப்படி நின்றால் மொனிட்டரும் கீபோர்டும் கொண்டுபோய்ச் செருகித்தான் பார்க்க வேண்டும், அந்தத் தொல்லை உண்டு.

இந்த வழிக்கும் சில ஒழுங்குகள் வேண்டும். டிஸ்க்கை லினக்ஸின் சொந்த வடிவமான ஈஎக்ஸ்டி4-ல் ஃபார்மட் செய்யுங்கள். கடையிலிருந்து வரும்போது அநேகமாக எக்ஸ்ஃபாட்டாகவோ என்டிஎஃப்எஸ்ஸாகவோ இருக்கும். எக்ஸ்ஃபாட்டில், செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டிக் குறித்து வைக்கும் ஜேர்னல் கிடையாது, எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஃபோல்டரே குழம்பலாம். பதிலுக்கு, ஈஎக்ஸ்டி4 டிஸ்க்கைக் கழற்றி விண்டோஸ் லேப்டாப்பில் செருகினால் திறக்காது. மவுண்ட் செய்யும்போது டிஸ்க்கின் யூயுஐடியை, அதாவது அதற்கே உரிய மாறாத அடையாள எண்ணைக் கொடுங்கள். லினக்ஸ் வைக்கும் பெயர் நிலையில்லை, ஒரு கணம் தொடர்பு விட்டுத் திரும்பினால் டிஸ்க் வேறு எழுத்தோடு வரலாம். தனி அடாப்டர் உள்ள டிஸ்க்காக வாங்குங்கள். மினி பிசிக்குப் பதில் ராஸ்பெர்ரி பை 4 வைத்திருப்பவர்களுக்கு இது கட்டாயம், அதன் யூஎஸ்பி வாய்கள் எல்லாம் சேர்ந்தே 1.2 ஆம்பியர்தான் தரும். படம் ஓடும்போது டிஸ்க் திடீரென மறைந்து திரும்புகிறது என்றால் பெரும்பாலும் கரண்ட் போதாமைதான்.

மாற்றிய பிறகுதான் தெரிந்த நன்மை ஒன்று உண்டு. முன்பு லேப்டாப்பிலிருந்து நேரே நாஸில் போட்ட புது வீடியோ டிவியில் வர அடுத்த ஸ்கேன் வரை காத்திருக்க வேண்டும். "போட்டேன், காணல்ல" என்ற முறைப்பாடுகளில் பாதி இதுதான். லினக்ஸ் தன் சொந்த டிஸ்க்கில் நடக்கும் மாற்றத்தை உடனே அறிவிக்கும். வேறொரு கணினி நாஸில் செய்த மாற்றம் அதற்குத் தெரியாது. இப்போது ஒரு நிமிடம் இரண்டு நிமிடத்தில் வந்துவிடுகிறது.

நாஸோடுதான் இருப்பேன் என்பவர்களுக்கு, நெட்வொர்க்கில் ஃபோல்டரைப் பகிரும் இரண்டு முறைகளில் எஸ்எம்பியா என்எஃப்எஸ்ஸா என்ற கேள்வி வரும். இரண்டும் ஓட்டினேன். எஸ்எம்பி பழகினது, பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் போதும். ஆனால் ஃபைல் பெயரில் முக்காற்புள்ளியோ கேள்விக்குறியோ இருந்தால் பெயர் சிதைந்து வரக்கூடும். என்எஃப்எஸ் ஆளைப் பெயரால் பார்ப்பதில்லை, எண்ணால் பார்க்கும். நாஸிலும் மினி பிசியிலும் பயனர் எண் பொருந்தாவிட்டால் உங்களுக்குத் தெரியும் ஃபைல் ஜெல்லிஃபினுக்குத் தெரியாது. நடுவில் நாஸ் அணைந்தால் என்எஃப்எஸ் அப்படியே உறைந்து நிற்கும். எரிச்சல்தான், ஆனாலும் நாஸில் இருந்திருந்தால் நான் இதையே வைத்திருப்பேன்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு மட்டும் ஒரு பக்கக் குறிப்பு. 'கொ' என்ற எழுத்தைக் கணினி இரண்டு விதமாக எழுதும்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றாக, அல்லது எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு ஒன்றுதான், லினக்ஸுக்கு இரண்டு வேறு பெயர். பழைய மேக் டிஸ்க் ஒன்றிலிருந்து வந்த கொக்கட்டிச்சோலைப் பதிவுகளைத் தேடினால் வராமல் இருந்தது இதனால்தான். நீளமும் கவனிக்க வேண்டியது. பெயருக்கு 255 பைட்தான் இடம், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். கொம்பும் காலும் புள்ளியும்கூடத் தனிக்குறிகள் என்பதால் 85-க்குள் முடித்தாக வேண்டும். சில நாஸ்களில் என்கிரிப்ட் செய்து பூட்டிய ஃபோல்டருக்குள் அது 47 ஆகிவிடும். ஊர், வருடம், அண்ணாவியார் எல்லாவற்றையும் பெயரிலேயே ஏற்றுகிற என்னைப் போன்றவர்களுக்கு அது போதாது.

எல்லோருக்கும் என் வழி சரிவரும் என்று சொல்ல மாட்டேன். நாலைந்து டிஸ்க் நிறையச் சேகரிப்பு உள்ளவருக்கு, அல்லது வீட்டில் பலர் ஒரே நேரத்தில் வேலைசெய்யும் ஃபைல்கள் உள்ளவருக்கு நாஸ்தான் சரி. ஒரு டிஸ்க் செத்தாலும் மற்றது தாங்கும் வசதி என் ஏற்பாட்டில் இல்லை, செத்தால் நகலிலிருந்து திரும்ப எடுக்க ஒரு நாள் போகும். ஜெல்லிஃபினை நாஸுக்குள்ளேயே ஓட்டுவது மூன்றாவது வழி. அதிலும் பெட்டி ஒன்றுதான். என் பெட்டியின் பிராசசர் வலு குறைந்தது, பழைய டிவிக்கு ஏற்றபடி வீடியோவை மாற்றிக் கொடுக்கத் திணறியது. இரண்டே நாள் பார்த்துவிட்டு விட்டதால் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை.

நகல் எடுப்பதிலும் அதே பொறி இருக்கிறது. மூலத்தில் இல்லாததை நகலிலும் அழித்துவிடு என்று, நகல் எடுக்கும் கட்டளையான ஆர்சிங்க்கிடம் சொல்லிவைத்து, ஒருநாள் டிஸ்க் மவுண்ட் ஆகாமல் இருந்தால் நாஸில் இருப்பதும் துடைத்துக்கொண்டு போகும். நான் அழிக்கச் சொல்வதில்லை. அதோடு டிஸ்க்கில் 'வட்டு-இருக்கு' என்ற பெயரில் ஒரு வெற்று ஃபைல் வைத்திருக்கிறேன். இரவு வேலை முதலில் அதைத் தேடும், கிடைத்தால்தான் தொடரும்.

இதை எழுதும் 2025 செப்டம்பரில் இந்த ஏற்பாட்டுக்கு ஆறு மாதம்தான் ஆகிறது, மாரிமழையை இன்னும் பார்க்கவில்லை. வீடு கடலுக்குக் கிட்ட. போன கிழமை டிஸ்க்கைத் துடைக்கப் போனபோது யூஎஸ்பி கம்பியின் உலோக முனையில் பச்சையாக ஒரு பூச்சு ஏறியிருந்தது. துடைத்துவிட்டு, டவுனுக்குப் போன நேரம் இன்னொரு கம்பி வாங்கி மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருக்கிறேன்.