வயதான நாய்க்கு வீடு தேடி வந்து உடல் பிடித்துவிடும் சேவை: ஒரு மதுரை அனுபவம்

மதுரை கே.கே.நகர், அண்ணாநகர்ப் பகுதி வீடுகளுக்கு வந்து நாய்களுக்கு மசாஜ் செய்துவிடும் ஒருவரை இந்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து அழைத்து வருகிறோம். எங்களிடம் பத்து வயதைக் கடந்த ஒரு ராஜபாளையம் நாயும், வண்டியூர்க் கண்மாய்ப் பக்கம் தினமும் ஓடிவரும் ஒரு சிப்பிப்பாறையும் இருக்கின்றன. மூத்ததற்கு இந்தச் சேவை கொடுத்த பணத்துக்கு மேலாகவே பயன் தந்தது. இளையதற்கு அவ்வளவாகத் தேவைப்படவில்லை.

கால்நடை மருத்துவரின் சீட்டைப் படித்துப் பார்க்காமல் அவர் நாயைத் தொடவில்லை. இடுப்பு மூட்டுத் தேய்மானம் என்று எக்ஸ்ரே பார்த்து மருத்துவர் எழுதியிருந்தார். காய்ச்சல், ஆறாத புண், தோல் தொற்று, இன்னதென்று தெரியாத கட்டி, புதிய எலும்பு முறிவு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் கைவைப்பதில்லை என்பது அவருடைய கட்டுப்பாடு. நாயின் இயல்பான உடல் வெப்பமே ஏறத்தாழ 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருப்பதால், தொட்டுப் பார்த்தே காய்ச்சல் என்று முடிவு செய்யாமல் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கச் சொன்னார்.

பரோட்டா மாவைப் பிசைவதுபோல் ஏதோ நடக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்து போவார்கள். படுத்திருந்த நாயின் அருகே தரையில் அமர்ந்து, கழுத்திலிருந்து வால் வரை முடியின் போக்கிலேயே உள்ளங்கையால் நெடுநேரம் நீவினார். உடல் தளர்ந்த பிறகே விரல் நுனிகளால் தசைகளைச் சிறு வட்டங்களாக அழுத்தினார். முதுகெலும்பின் மீதோ வலிக்கும் மூட்டின் மீதோ நேராக அழுத்தவே இல்லை. நோய் இடுப்பில் இருக்க, அவர் அதிக நேரம் செலவிட்டது தோள்பட்டையில். நிற்கும் நாயின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்னங்கால்களே தாங்குகின்றன. பின்புறம் வலிக்கும் நாய் மேலும் முன்னே சாய்ந்து நிற்பதால் அந்தச் சுமை இன்னும் கூடுகிறது. நமக்கு இருப்பதுபோல் தோளைத் தாங்கும் காறையெலும்பும் அதற்குக் கிடையாது. முன்னங்காலை உடலோடு பிணைத்திருப்பவை தசைகள்தாம். அவை இறுகிக் கிடந்ததை, தினமும் தடவிக்கொடுக்கும் எங்களில் ஒருவர்கூட அறிந்திருக்கவில்லை. அந்த இடத்தில் விரல் பட்டதும் நாய் திரும்பிப் பார்த்து உதட்டை நக்கியது. அவர் உடனே கையை எடுத்து வேறிடத்துக்கு மாறினார். உறுமுவதற்கு வெகுமுன்பே உதட்டை நக்குதல், கொட்டாவி, காதைப் பின்னுக்குச் சாய்த்தல் என்று நாய் தன் மறுப்பைத் தெரிவித்துவிடும் என்பதால், இதைக் கவனிக்கத் தெரியாதவரிடம் நாயை ஒப்படைக்கக் கூடாது.

பலனைப் பெரிதாக்கிச் சொல்ல விரும்பவில்லை. தேய்ந்த குருத்தெலும்பு நீவிவிடுவதால் வளராது. மருத்துவர் கொடுத்த மாத்திரையையும் எடைக் கட்டுப்பாட்டையும் நாங்கள் நிறுத்தவில்லை. ஆனாலும் மசாஜ் செய்த அன்று மாலை அது தானாகவே எழுந்து வாசல்படி இறங்குகிறது. இரவில் இடம் மாற்றி மாற்றிப் படுக்கும் தவிப்பும் குறைந்திருக்கிறது. ஓரிரு நாளில் இறுக்கம் திரும்பிவிடுவதால், இடைப்பட்ட நாள்களில் நாங்களே நீவிவிடும் முறையை அவர் கற்றுக்கொடுத்தார். வழுக்கும் டைல்ஸ் தரையில் ரப்பர் விரிப்புப் போடச் சொன்னதும் அவர்தான். பலனில் பாதி அந்த விரிப்பால் வந்தது என்றே நினைக்கிறேன்.

எண்ணெயோ தைலமோ பயன்படுத்தாமல் வெறுங்கையால் செய்வது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வலி என்றதும் கற்பூரம் கலந்த தைலத்தைத் தேடுவது நம் வீடுகளின் வழக்கம். நாய் அதை நக்கி விழுங்கிவிடும், கற்பூரமோ அதற்கு நஞ்சு. நாம் விழுங்கும் இபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளும் அப்படித்தான்.

சிப்பிப்பாறைக்குப் படுத்துக் கிடக்கும் பொறுமையே இல்லை. சிறிது நேரம் முயன்றவர், “இவனுக்கு நான் வேண்டாம்ண்ணே, ஓடி முடிச்சதும் பத்து நிமிஷம் மெதுவா நடக்க வைங்க, போதும்” என்று சொல்லி, பாதிக் கட்டணமே வாங்கிக்கொண்டார்.

குறைகளும் உண்டு. நான்கு மணிக்கு வருவதாகச் சொன்னால் ஐந்தரைக்கு வருவார். சித்திரைத் திருவிழாவின்போது கோரிப்பாளையம் பக்கம் போக்குவரத்து மாற்றப்படும் நாள்களில் வரவே மாட்டார். எந்தத் தசை எப்படி இருந்தது என்று எழுதிக் கொடுப்பதில்லை என்பதுதான் பெரிய குறை. அடுத்த முறை மருத்துவரிடம் காட்டும்போது அந்தக் குறிப்பு உதவியிருக்கும். நாற்பது நிமிடத்துக்கு 700 ரூபாய் என்பது வாராவாரம் என்றால் கைக்கு எட்டாத செலவு. மாதம் ஒருமுறை அவரை அழைத்து, மற்ற நாள்களில் நாமே செய்துகொள்வது சரியாக வருகிறது. கோடையில் காலை நேரத்தையே கேட்டு வாங்குங்கள். சாப்பிட்ட உடனேயும் வேண்டாம்.